அப்பாவின் மஞ்சள்

மகள் கழிவறைக்குப் போனால் உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. அம்மா வந்து நிறம் பார்த்த பிறகுதான். மூத்திரப்பையில் கட்டி எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். முதலில் ரத்தம் தெரிந்தபோது, கிருமித் தொற்றென்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வருமென்று யாருக்கும் தோன்றவில்லை. அதிலிருந்து அம்மா தன் கண்ணைத் தவிர எதையும் நம்புவதில்லை.

தன் தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஒரு வாரம் வெளியூர் போக வேண்டி வந்தது. நிறம் பார்க்கும் வேலையை அப்பாவிடம் விட்டுப் போனாள். தினமும் போனில் கேட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் அப்பா. அவள் திரும்பி வந்தபோது, கொடியில் காய்ந்த சிவப்புச் சட்டையைக் காட்டி, அந்தப் பழுப்பை எடுத்துக் கொடு என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்குச் சில நிறங்கள் பிரித்துத் தெரியாதென்று கல்யாணமான புதிதில் அவளே கேலி செய்த விஷயம், எப்படியோ மறந்துபோயிருந்தது.

"உங்களையா பாக்கச் சொல்லிட்டுப் போனேன்?"

"மஞ்சளாத்தான் இருந்துச்சு."

"ஆமா, உங்க மஞ்சள்."

பரிசோதனைத் தவணை வருமுன்பே மறுநாள் மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்ப வேண்டும் என்று மகள் தண்ணீராகக் குடித்துவிட்டு, முட்டுகிறது என்று காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சுவரோரம் குற்றவாளி மாதிரி நின்றார். கட்டி எதுவும் தெரியவில்லை, சிறுநீரிலும் ரத்தம் இல்லை என்றார் டாக்டர். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்ப்பது மட்டும் வழக்கம்போல அதன் தவணையில். அம்மாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

பஸ்ஸில் மகளிடம் கேட்டாள்.

"அப்பாவுக்குச் சிவப்பு தெரியாதுன்னு நீயாவது சொல்லியிருக்கலாமேடி?"

"நான் பாத்துட்டுத்தாம்மா அவரக் கூப்பிட்டேன். சிவப்பு இல்ல."

"போன்ல ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவரு பாத்துட்டு, வா சாப்பிடலாம்னு போயிடுவாரு. நீ பாத்தா, நான் உன் மூஞ்சியப் பாக்கணும்."

முன்சீட்டிலிருந்த அப்பா திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் கழிவறைக்கு ஓடினாள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடி உட்கார்ந்தாள்.

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

"யாரோட மஞ்சள்?"

கதவுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. "உன் மஞ்சள்தாம்மா."

அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினாள்.