தெற்கு மூலை

கிணற்றின் அடியில் குந்தி உட்கார்ந்து வேடியப்பன் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தான். சின்னச் சுத்தியால் ஒரு தட்டு, பிறகு காதைக் கல்லில் ஒட்டவைத்து ஒரு மூச்சு. வடக்குச் சுவர் ஈரத் துணியை அடித்தது போல அமுங்கிக் கேட்டது. அங்கே ஊற்று இருக்கிறது, கல்லுக்குப் பின்னால் அடைந்து நிற்கிறது. நடுவில் கணீரென்றது. தெற்கு மூலைக்கு வந்து தட்டியபோதுதான் அவன் கை நின்றது. தொம். இன்னொரு தடவை தட்டினான். கல்லுக்குக் கீழே கல் இல்லை. பெரிய பிளவு, எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது.

வடக்கே வேட்டு வைத்தால் கஜபதியின் கிணறு நிறையும். தெற்கே வைத்தால் அடி திறந்துகொள்ளும். ராத்திரியெல்லாம் கசிந்து முழங்கால் அளவு தேங்கி, விடிந்ததும் இறைத்துவிடுகிற தண்ணீரும் பிறகு தேங்காது. ரெண்டு வருஷமாக மழை இல்லை. அலைந்து திரிந்து கஜபதி வாங்கி வைத்திருந்த வெடிமருந்து ஒரு குழிக்குத்தான் காணும்.

"டேய் வேடியப்பா! இன்னாடா, கல்லுக்கு முத்தம் குட்த்துகினு கீற?" மேலே இருந்து கஜபதியின் தலை எட்டிப் பார்த்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த கூலிக்காரர்கள் சிரித்தார்கள்.

"பாத்துகினு கீறேன் ஆண்டே."

"கோலாருல பாதாளம் வரிக்கும் போயிக்கீறியாமே. அங்க நெருப்பு எரியுதாமே, மெய்யா?"

"நெருப்பு இல்லீங்க. கல்லு சுடுங்க. எறங்க எறங்க சூடுதாங்க."

"கீழ போனா ஜில்லுனுதானேடா இருக்கணும்? எங்கிட்டயே அளக்கிறான் பாரு!"

மறுபடி சிரிப்பு. வேடியப்பன் சுத்தியை இடுப்பில் செருகினான். சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஊரிலிருந்து தெரிகிற தணிகை மலையைத் தலைகீழாய்க் கவிழ்த்து, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கி இறக்கினாலும் அந்தக் கோலார் தங்கச் சுரங்கத்தின் அடி தட்டாது. அங்கே பாறையில் கை வைத்தால் கை பழுக்கும். வேர்வை வழிந்து செருப்புக்குள் சளசளக்கும். அந்தச் சூட்டிலும் ஒரு பீப்பாய்த் தண்ணீர் வைத்திருந்தார்கள், யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். அவன் அங்கே மொண்டு குடித்துக்கொண்டிருந்த போன வருஷக் கத்திரியில்தான், இங்கே இதே கிணற்றங்கரையில், அவன் பெண்டாட்டி பூவம்மாள் தண்ணீருக்கு நின்று செத்தாள்.

சேரி ஆட்கள் இந்தக் கிணற்றில் கயிறு போடக்கூடாது. யாராவது மனசு வைத்து ஊற்றினால் ஏந்திக்கொள்ளலாம். காலையிலிருந்து குடத்தோடு நின்றாள். மாடு குடிக்கட்டும் என்றான் கஜபதி. மாடு குடித்தது. நாற்றங்காலுக்குப் பாயட்டும் என்றான். பாய்ந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது பாறை மேல் குப்புற விழுந்தாள். தூக்கியபோது கன்னத்துத் தோல் கல்லோடு போய்விட்டது. அதற்கப்புறம்தான் கஜபதி தண்ணீர் கொடுத்தான். தீட்டுப் போகக் கழுவச் சொல்லி, தவலை தவலையாக, அந்தப் பாறைக்கு.

வேடியப்பன் ரயிலேறி வந்து சேர்ந்தபோது மண் மூடியாகியிருந்தது. கழுவின பாறையை மட்டும்தான் பார்த்தான்.

அவன் மேலே ஏறி, கூழ் கொண்டுவந்த கெங்கம்மாளோடு புங்க மர நிழலுக்குப் போனான். பூவம்மாளின் தங்கை. கிணற்று மண் சுமக்க அவளும்தான் கூலிக்கு வந்திருந்தாள். கஜபதி தூரத்தில் கட்டிலில் மல்லாந்திருந்தான். வேடியப்பன் குரலைத் தாழ்த்தி வடக்கையும் தெற்கையும் சொன்னான். அவள் அவனைப் பார்க்காமல் வெங்காயத்தை நசுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தெக்க வச்சா தண்ணி திரும்ப வராதா பாவா?"

"வராது. எந்த சாமி வந்தாலும் வராது."

"ஊம்."

"சேரிக்கும் இதான தண்ணி, கெங்கா. நீயும் இங்கதான ஏந்துற. பயிரு காஞ்சா கூலியும் போச்சு. அத நெனச்சிதான் கை வரல."

அவள் வெங்காயத்தை அவன் கையில் வைத்தாள். "நேத்து எவ்ளோ நேரம் நின்னேன் தெரிமா? அக்கா விழுந்த எடத்துலதான் நிக்க வச்சான். 'உங்க அக்கா மாதிரி பாசாங்கு பண்ணாத'ன்னான். நமக்கு ஊத்துற தண்ணி போனா அழலாம். இது இன்னிக்கி ஊத்தறதா, நாளிக்கி ஊத்தறதா?"

"அப்பறம் எங்க போறது?"

"உன் கோலாருக்குப் போலாம்."

"அங்க கல்லு சுடும்."

"இங்க மட்டும் பூ போட்டு வச்சிக்கீறானா?" அவள் சட்டியைக் கழுவாமலே கவிழ்த்தாள். கழுவத் தண்ணீர் இல்லை. "சாப்ட்டு எறங்கு பாவா."

அவன் இறங்கினான். கம்பியைத் தெற்கு மூலையில் நிறுத்திச் சம்மட்டியை ஓங்கினான். ஒவ்வொரு அடிக்கும் கல்தூள் முகத்தில் தெறித்தது. பாதிக் குழியில், மேலே கஜபதி எழுந்து வந்து கேட்டான். "ஏண்டா அந்த மூலையில? ஈரம் இந்தப் பக்கம்தான கீது?"

சம்மட்டி நின்றது. வேடியப்பன் அண்ணாந்து பார்த்தான். வட்டமான வானத்தில் அந்தத் தலை கறுப்பாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும், இப்போதும் மாற்றி வைக்கலாம். கஜபதிக்குப் பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு கெங்கம்மாள் நின்றிருந்தாள்.

"கல்லு இங்கதாங்க எளக்கம். நீங்க வோணாம்னா வேற ஆளு வச்சிக்கோங்க ஆண்டே."

"ரோஷத்தப் பாரு நாய்க்கு! போடு, போடு. தண்ணி மட்டும் வரட்டும், மலைக்குப் பால்காவடி எடுக்கறேன்."

மருந்தைக் கெட்டித்து, திரி வைத்து, நெருப்புக் காட்டிவிட்டு வேடியப்பன் படியேறினான். எல்லாரும் களத்துப் பக்கம் ஓடிப் பதுங்கினார்கள். பூமி ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டது போலக் குலுங்கியது. கிணற்றிலிருந்து புகை எழும்பி, கல் மழையாகப் பெய்து ஓய்ந்தது. பிறகு அந்தச் சத்தம். அதிர்ச்சியில் வடக்குச் சுவரும் விரிசல் விட்டிருக்க வேண்டும். ஹோவென்று, இத்தனை நாள் அடைந்து கிடந்தது ஒரே வீச்சாய்த் தெற்குப் பிளவுக்குள் பாய்கிற சத்தம்.

கஜபதி துண்டு நழுவ ஓடினான். "தண்ணிடா! டேய், தண்ணி சத்தம்டா! கேக்குதா?"

"கேக்குதுங்க," என்றான் வேடியப்பன்.

"எவ்ளோடா இருக்கும்?"

"நெறைய இருக்குதுங்க. போய்க்கினே கீது."

கஜபதிக்கு அது காதில் ஏறவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினான், தேங்காய் கற்பூரம் கொண்டுவரச் சொன்னான், முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். கூலிக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கெங்கம்மாள் மட்டும் தலையைச் சாய்த்து, ஆள் நடந்து தூரம் போவதைக் கேட்பது போல, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேடியப்பன் சம்மட்டியை எடுத்துத் தோளில் போட்டான்.

புகை இன்னும் கலையவில்லை. கஜபதி கைப்பிடிச் சுவரில் வயிறு பதியக் குனிந்து, இருமிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத அந்தப் புகைக்குள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான்.