நாற்பத்தைந்து கிலோவும் ஒரு மஞ்சள் கருவும்

அந்தக் கட்டடத்துக் கிரேன் எவ்வளவு உயரம் என்றால், ஜலதோஷத்தோடு ஏணியில் காலை வைத்தவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் குணமாகிவிடுவார்கள். மேஸ்திரி கீழிருந்து திட்டினால் அந்தத் திட்டு மேலே போய்ச் சேரும் நேரத்தில் அவர் கோபம் தணிந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். உச்சியில் கண்ணாடிக் கூண்டு ஒன்று. அதில் ஏழு வருடமாக உட்கார்ந்து கிரேன் ஓட்டியவள் ஒரு பெண். கட்டட வேலைத் தளத்தில் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர். "மேலிடம் சம்மதிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கீழே ஆட்கள் நகருவார்கள்.

கூண்டை அவளுக்குப் பிடித்திருந்ததற்குக் காரணம் காற்றோ வெளிச்சமோ அல்ல. அங்கே அவள் சாப்பிடுவதை யாரும் பார்க்க முடியாது.

அவள் சாப்பிட்டது இரண்டே பண்டங்கள். மஞ்சள் உறை போட்ட ஒரு பிஸ்கட். வெண்ணெயும் உப்பும் போட்டு மசித்த உருளைக்கிழங்கு. வேறு எதையாவது வாயருகே கொண்டுபோனால் தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். பிடிவாதம் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றார்கள். அவளைக் கேட்டால், உங்களிடம் ஒரு கைப்பிடி ஈர மணலைக் கொடுத்து விழுங்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் என்பாள். நாக்கு அவ்வளவு கூர்மை. ஒருமுறை பிஸ்கட்டை ஓரத்தில் கடித்துவிட்டு, "இது செவ்வாய்க்கிழமை சுட்டது" என்றாள். கணவர் விளையாட்டாகக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். திங்கட்கிழமை என்று தாங்கள் இத்தனை நாள் தவறாக நினைத்திருந்ததற்கு வருந்துவதாகப் பதில் வந்தது.

எட்டு மாதத்துக்கு முன் ஏணியின் பாதியில் அவளுக்குக் கண் இருட்டியது. கம்பியைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்றாள். கம்பெனி டாக்டர் எடை பார்த்தார்: நாற்பது கிலோ. "எட்டு மாசம் தர்றேன். நாப்பத்தஞ்சு ஆகலேன்னா உன்னை மேல அனுப்ப மாட்டேன். வேற ஆள் போட்டுடுவாங்க" என்றார்.

அன்றிலிருந்து வாரம் ஒருநாள் உணவுச் சிகிச்சை பார்க்கும் ஓர் அம்மாளிடம் போய்வந்தாள். அந்த அம்மாள் எதையும் தின்னச் சொல்லவில்லை. ஒரு பண்டத்தை முதல் வாரம் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் முகர வேண்டும், தொட வேண்டும், உதட்டில் வைக்க வேண்டும். கடிப்பதெல்லாம் கடைசியில். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய பட்டியல் இப்படியே இரண்டிலிருந்து ஒன்பதாக வளர்ந்திருந்தது. ஒன்பதாவது, தோல் சீவிய ஆப்பிள். பத்தாவதாக முட்டை வரிசையில் நின்றது. அதை முகரும் கட்டம் வரை வந்திருந்தாள். எடை நாற்பத்து நாலு புள்ளி ஆறு. கெடு வரும் வெள்ளிக்கிழமை.

இந்த இடத்தில்தான் அத்தை உதவி செய்தார்.

அத்தை என்றால் கணவரின் அம்மா. சமையல் அவர் கையில். அவருடைய மூக்கு மூன்றாவது தெருவில் பால் பொங்குவதற்கு முன்பே சொல்லிவிடும். அந்த வீட்டுக்காரர்கள் இதற்காகவே அவரோடு பகை கொள்ளாமல் இருந்தார்கள். மருமகளுக்கு உருளைக்கிழங்கு மசிப்பதற்கென்று தனிப் பாத்திரமே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாவது கரண்டியில் அவள் மெல்லுவதை நிறுத்தினாள். நாக்கின் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஏதோ ஒன்று, மாவுமாவாக.

"அத்தை, இதுல என்ன?"

"உருளைக்கிழங்கு."

"வேற?"

"உப்பு. வெண்ணெய்."

"வேற?"

அத்தை அடுப்பைத் துடைத்தார். துடைத்து முடித்த அடுப்பைத்தான் மறுபடி துடைத்தார். "முட்டை மஞ்சள் கரு" என்றார், சுவரைப் பார்த்து. "வேகவச்சு, சல்லடையில நாலு தடவ சலிச்சேன். நாலு நாளா போடறேன். முதல்ல கால் கரு, அப்புறம் அரை. நீதான் எடைக்கு அல்லாடறியே. உனக்குத் தெரியவே இல்ல பாத்தியா."

அவள் எழுந்து போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

கணவர் முடி திருத்துபவர். கத்தரிக்கோல் கையில் இருந்தால் ஊர்க் கதை எல்லாம் பேசுவார். கீழே வைத்தால் வார்த்தை வராது. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர், நேரம் கெட்ட நேரத்தில் வாயைத் திறந்தார். "நாலு நாள் சாப்பிட்டியேம்மா, ஒண்ணும் ஆகலியே."

"ஆச்சுங்க" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இப்ப உருளைக்கிழங்கு போச்சு."

உருளைக்கிழங்கு மட்டுமா? அத்தையின் கை பட்ட எல்லாமே போயிற்று. பட்டியலில் இருந்த ஒன்பதில், உறை பிரிக்காமல் வரும் பிஸ்கட்டும் அவளே தோல் சீவும் ஆப்பிளும்தான் மிஞ்சின. ஆப்பிளைக்கூட இரண்டாய் வெட்டி, உள்ளே யாராவது எதையாவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாள். முட்டைகள் இருந்த தட்டைப் பார்த்தாலே குமட்டியது. எட்டு மாதம் ஏறிய ஏணியில் நாலே நாள் சலித்த கரு அவளை அடிப்படிக்கு இறக்கிவிட்டது.

திங்கள் காலை நாற்பத்து நாலு புள்ளி இரண்டு. செவ்வாய் நாற்பத்து மூன்று புள்ளி எட்டு. அத்தை தட்டு வைத்தார்; தட்டு அப்படியே திரும்பிப் போயிற்று. கணவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் அதைச் சொல்வதற்காகவே கையில் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

"கடையில முடி வெட்டற பழைய மெஷின் ரெண்டு கெடக்கு. கோட்டுப் பையில போட்டுக்கிட்டா ஒண்ணரை கிலோ வரும். டாக்டர் என்ன, பையிலயா கைய விடப் போறார்?"

"பாரத்துல பொய் சொன்னா கிரேன் சாஞ்சுடுங்க."

"நீ கிரேன் இல்லியே."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான்தான் கிரேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

புதன்கிழமை காற்று அதிகம். பதினெட்டாவது மாடிக்கு இரும்புக் குழாய்க் கட்டு போக வேண்டும். கீழே பாரம் மாட்டுபவரைத் தளத்தில் எல்லோரும் 'கொக்கி அண்ணன்' என்பார்கள். அவர் ரேடியோவில் முதலில் என்ன பாரம், எவ்வளவு என்று சொல்வார். மேலே இருப்பவள் அதையே திருப்பிச் சொல்வாள். திருப்பிச் சொல்லாமல் கிரேன் ஒரு அங்குலமும் நகராது. ஏழு வருடத்தில் ஒருநாளும் இது தவறியதில்லை.

"கொக்கியில குழாய்க் கட்டு. எண்ணூறு கிலோ."

"குழாய்க் கட்டு. எண்ணூறு கிலோ. கேட்டுது."

கட்டு எழும்பியது. பத்தாவது மாடியைத் தாண்டும்போது அவள் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் நெம்புகோலுக்கு இறங்கி, கம்பிவடத்தில் ஏறி, எண்ணூறு கிலோ இரும்பு தொட்டில் போல ஆடியது. அதற்கு நேர் கீழே ஆறு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மேலிடம். ஆடுது."

"தெரியுதுண்ணே. ஆளுங்கள ஒதுக்குங்க."

"காத்தா?"

கண்ணின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. "காத்து இல்ல. நான்தான்."

கீழே விசில் அடித்தது. ஆறு தலைகளும் ஓடி மறைந்தன. வலது கை மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு அங்குலம் அங்குலமாக இறக்கினாள். இரண்டு நிமிட வேலைக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினொரு நிமிடத்தில் கொக்கி அண்ணனின் தலைமுடி பாதி நரைத்தது; மீதியை நரை மரியாதைக்காக அப்படியே விட்டுவைத்தது என்று தளத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

ஏணியில் இறங்கி வந்து மேஸ்திரியிடம், "இன்னைக்கு என்னால ஓட்ட முடியாது. எழுதிக்குங்க" என்றாள். தன் வாயால் இப்படிச் சொன்ன ஆளை மேஸ்திரி அதுவரை பார்த்ததில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

கொக்கி அண்ணன் மணல் மூட்டை மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் முட்டைக் கதையைச் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"எண்ணூறுன்னு சொல்லிட்டு எவனாவது ஆயிரத்த மாட்டினா, அன்னைக்கே அவன் கையிலேர்ந்து கொக்கியப் புடுங்கிடுவேன். ஆனா உங்க அத்தை கையிலேர்ந்து கரண்டியப் புடுங்க முடியுமா?"

"முடியாதுண்ணே."

"எங்க வீட்லயும் முடியாது" என்றார் அவர், ஆறுதலாக.

பஸ்ஸில் வீடு வரும் வழி முழுக்க அவள் கண்ணை மூடி யோசித்தாள். வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் சமையலறை வாசலில் நின்றாள். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணீருக்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

"அத்தை, எனக்கு உருளைக்கிழங்கு வேணும்."

கத்தி நின்றது. "நான் போட்டா சாப்பிடுவியா? உன்னை ஏமாத்தணும்னு செய்யலம்மா."

"தெரியும் அத்தை. நீங்க எதைப் போட்டாலும் முன்னாடியே சத்தமா சொல்லுங்க. என்ன, எவ்வளவு. நான் திருப்பிச் சொல்வேன். நான் திருப்பிச் சொன்ன பிறகு போடுங்க."

"என் அடுப்படியில நான் உத்தரவு கேக்கணுமா?"

"உத்தரவு இல்ல. எங்க தளத்துல இப்படித்தான். இது இல்லாம மேல ஏத்த மாட்டோம்."

அத்தை அவளையே பார்த்தார். கன்னத்து எலும்பைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பாத்திரத்தை அவள் கண்ணெதிரே கவிழ்த்துக் காட்டி, சபையில் பேசுகிறவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உருளைக்கிழங்கு. மூணு."

"உருளைக்கிழங்கு மூணு. கேட்டுது."

"உப்பு. கால் ஸ்பூன்."

"உப்பு கால் ஸ்பூன். கேட்டுது."

வெண்ணெய் சொன்னார். தண்ணீர் சொன்னார். கரண்டியைச் சொன்னார். ஜன்னல் வழியாக வந்த ஈயைக்கூட, போடவில்லை என்ற குறிப்போடு சொன்னார். அவள் ஒரு கிண்ணம் சாப்பிட நாற்பது நிமிடம் ஆயிற்று. முதல் கரண்டியை மூன்று முறை தட்டிலேயே திரும்ப வைத்தாள். அத்தை எதிரே உட்கார்ந்து, தன் உதட்டைத் தானே கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை உப்புக்கும் வெண்ணெய்க்கும் பிறகு அவளே கேட்டாள். "மஞ்சள் கரு இருக்கா?"

அத்தை விரலால் கிள்ளி எடுத்தார். "மஞ்சள் கரு. கடுகளவு. கையிலதான் இருக்கு. போடல."

"மஞ்சள் கரு. கடுகளவு." அடுத்த சொல் வரவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அத்தை விரல் நுனியில் அந்தத் துணுக்கோடு நின்றார். அவர் நின்ற நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் வேலைக்குப் போய்த் திரும்பிவிட்டதாகச் சொல்வார்கள்.

"கேட்டுது" என்றாள் அவள். "போடுங்க."

குமட்டியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. உள்ளே போனது உள்ளேயே இருந்தது. பட்டியலில் எழுதுகிற அளவுக்கு அது இல்லை, அவளும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரின் எடை இயந்திரம் நாற்பத்து நாலு என்றது. பை காலி, கோட்டைக் கழற்றி வைத்திருந்தாள். டாக்டர் எதுவும் கேட்பதற்குள் புதன்கிழமை நடந்ததையும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறைச்சிருந்தா இன்னைக்கே உன் சீட்டைக் கிழிச்சிருப்பேன். மூணு வாரம் தரையில வேலை பாரு. மதியச் சாப்பாடு கூண்டுல இல்ல, கீழ ஷெட்டுல எல்லாரோடவும். ஒரு வேளை தவறக் கூடாது, மேஸ்திரி பாத்துக் கையெழுத்துப் போடணும். ஒரு கையெழுத்துக் குறைஞ்சாலும் கிரேனுக்கு வேற ஆள்."

நாற்பத்தைந்து கிலோவைவிட இது கனம் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

திங்கள் மதியம் சாப்பாட்டு ஷெட்டில் முப்பது பேர். முப்பது டப்பாக்கள் ஒரே நேரத்தில் திறந்தபோது வந்த வாசனையில் தகரக் கூரை ஒரு சாண் எழும்பி இறங்கியது. அவள் பெஞ்சின் கடைசியில், கொக்கி அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். மேலே ஒரு சீட்டு: உள்ளே போட்ட ஒவ்வொன்றும் அளவோடு, அத்தையின் கையெழுத்தில். காலையில் அவளே வாசலில் நின்று திருப்பிச் சொன்னவைதான். கடைசி வரியில் மஞ்சள் கரு, மிளகளவு.

கரண்டியை எடுத்தாள். எதிர் பெஞ்சில் இருந்த வெல்டர் பார்த்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் பார்த்தார். ஏழு வருடமாக மேலிடம் எதைச் சாப்பிடுகிறது என்று யாருக்குமே தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசை முப்பது பேருக்கும் இருந்தது. வாசலில் மேஸ்திரி பேனாவோடு நின்றார். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிக்கப் பன்னிரண்டு நிமிடம்.

தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. கரண்டி உதட்டுக்கு நாலு விரல் தள்ளி நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

"அண்ணே" என்றாள், உதடு அசையாமல். "பாக்கறாங்க. வெளி ஆளுங்க பாத்தா எனக்கு இறங்காது."

கொக்கி அண்ணன் வாயில் இருந்ததை மென்று முடித்தார். எழுந்து, சட்டையில் கையைத் துடைத்து, இடுப்பிலிருந்த விசிலை ஒருமுறை ஊதினார். பாரம் தலைக்கு மேல் போகும்போது ஊதுகிற அதே விசில். முப்பது பேரும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"எல்லாரும் செவுத்தப் பாத்து உக்காருங்கப்பா. டப்பாவோட."

"எதுக்குண்ணே?" என்றார் வெல்டர்.

"மேலிடம் சாப்பிடுது."

முப்பது பேர் பெஞ்சைத் தூக்கித் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். தகரச் சுவருக்கும் மூக்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. சிலர் முழங்கையை மடக்கிக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்தது. மேஸ்திரி மட்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் என்பதால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்தார்.

மணி அடிக்க ஒன்பது நிமிடம் இருந்தது. அவள் முப்பது முதுகுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.