திருப்பி எடுத்த ஜெபம்

எங்கள் சபையில் பிரிஜாவைப் போல ஜெபம் பண்ண ஆள் கிடையாது. கண்ணை மூடினால் போதும், வேதாகமத் தமிழ் மடை திறந்த மாதிரி வரும். இரணியலில் என் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை லில்லியக்கா என்றுதான் கூப்பிடுவாள். கறிவேப்பிலையும் கவலையும் மதிலுக்கு மேலேயே கைமாறும்.

அதனால்தான் என் மகள் ஜினியின் விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னேன். ஜினியைப் போன வருஷம்தான் மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அஜினுக்கு வங்கியில் வேலை, அவர்கள் சபையில் பாட்டுக்குழுத் தலைவர் வேறு. ஒருநாள் காலையில் இவள் ஒற்றைப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இனி அங்கே போக மாட்டேன் என்றாள்.

"குடிப்பானா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"கை நீட்டுவானா?"

"இல்லம்மா."

"வேற பொம்பள பழக்கம் உண்டா?"

"அம்மா, அவரு ஜெபம் பண்ணுவாரு."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஜெபம் பண்ணுகிற மாப்பிள்ளை வேண்டும் என்று உபவாசம் இருந்து கேட்டவள் நான். கிடைத்த பிறகு அதையே குறை சொன்னால் என்ன செய்வது? "உனக்குக் கொழுப்புட்டி" என்றேன். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டு ஜெபத்துக்கும் வந்து உட்காரவில்லை. நானும் அவள் அப்பா முத்துநாயகமும் பாட்டுப் பாடும்போது அடுக்களையில் பாத்திரம் கழுவுவாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் எடுத்துக் கழுவுவாள். பிள்ளைக்கு விசுவாசமே போய்விட்டதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"யாருட்டயும் சொல்லிராத பிரிஜா" என்றேன் மதிலுக்கு மேலே.

"கர்த்தர்ட்ட மட்டும் சொல்லுவேன் அக்கா" என்றாள்.

சொன்னாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"தகப்பனே, எங்கள் சகோதரி லில்லிபாயின் குமாரத்தி ஜினியை உமது சமூகத்தில் வைக்கிறோம். புருஷனை விட்டுப் பிரிந்து தாய்வீட்டில் வந்து நிற்கிற அந்தப் பிள்ளையின் கடினமான இருதயத்தை உடைத்து, திரும்பவும் அவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பீராக!"

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பெண்களுக்கும் கண் மூடியிருந்தது, காது மட்டும் நன்றாகத் திறந்திருந்தது. பேச்சு என்றால் குறுக்கே பேசலாம். ஜெபத்துக்கு நடுவில் எழுந்து 'நிறுத்துட்டி' என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் முடித்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாயும் ஆமென் என்றது. அத்தனை கோபத்திலும் சொன்னது. பழக்க தோஷம்.

வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி நெய்யூரில் இருக்கிற என் நாத்தனாருக்குப் போய், அவள் போனும் வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாய் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே திறந்தால் அதற்கு ஏற்ற மூடி எந்தக் கடையிலும் கிடைக்காது.

மறுநாள் மதிலருகே பிரிஜாவைப் பிடித்தேன். அவள் நிஜமாகவே விழித்தாள்.

"நான் வம்பா பேசினேன்? ஜெபம்தானே அக்கா பண்ணினேன்? பிள்ளைக்கு வேண்டி அழுதாக்கும் பண்ணினேன்."

அவள் அழுதது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நம் ஆண்டவர் மலைப் பிரசங்கத்தில், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம் பண்ணச் சொன்னார். பெருமைக்காகத் தெருமுனையில் நின்று ஜெபம் பண்ணுகிறவர்களுக்குச் சொன்னது என்றே இத்தனை காலமும் வாசித்து வந்தேன். அடுத்த வீட்டுக் கதவையும் சேர்த்துத்தான் பூட்டச் சொன்னார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிரிஜாவோடு பேச்சை நிறுத்தினேன். கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கினேன்.

அந்த வாரமே அஜின் போன் பண்ணினான். சனிக்கிழமை அவன் அப்பாவும் சபை மூப்பர்களுமாக வந்து, ஜெபம் பண்ணி, ஜினியைக் கூட்டிப்போவதாகச் சொன்னான். மரியாதையாகத்தான் பேசினான். உள்ளதைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளைக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்யப் பயறு வறுக்க வேண்டும் என்று கூட நினைத்தேன். ஜினி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனாள்.

அதற்கு முன்னால் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வீடு வீடாக வருகிற முறை, இந்த மாதம் எங்களுக்கு.

"வேண்டாம்னு சொல்லிருவோமா?" என்றார் இவர்.

"சொன்னா அதுக்கும் சேத்து ஜெபம் பண்ணுவாங்க" என்றேன்.

பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பிரிஜாவும் வந்து கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். நான் விடுவேனா? நீதிமொழிகளில் கோள்சொல்லுகிறவர்களைப் பற்றிய வசனங்களாகத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தேன். அவள் தலை குனிந்துகொண்டே போனது. வேதம் அடிக்கக் கொடுத்த கம்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நன்றாகக் கைக்கு அடங்கியது.

வாசித்து முடித்ததும் வழக்கம்போலக் கேட்டேன்: "ஜெபக்குறிப்பு யாருக்காவது உண்டா?"

"எனக்கு உண்டு" என்று சத்தம் வந்தது. ஜினி சாயாத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, புடவை முந்தியில் கையைத் துடைத்தாள்.

"போன வெள்ளிக்கிழமை எனக்காக ஜெபம் பண்ணினீங்களாம். அதத் திருப்பி எடுக்கணும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "வெளிய சொன்னது தப்புதான் மக்களே" என்று பிரிஜா ஜினியைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

"சொன்னதுக்கில்ல மாமி. கேட்டதுக்கு. அங்க திரும்பிப் போகணும்னுல்லா கேட்டிருக்கீங்க."

பிறகு அவள் சொன்னாள். எனக்குச் சொல்லாததை, நான் சொல்ல விடாததை, அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள்.

"அந்த வீட்ல தெனமும் சாப்பாட்டுக்கு முந்தி குடும்ப ஜெபம். எல்லாரும் முழங்கால்ல முட்டுகுத்துவோம். அவரு தொடங்குவாரு. ஆண்டவரே, இவள் இன்னைக்கு மீன்குழம்புல புளியைக் கூட்டிட்டா, இவளுக்குச் சமையல்ல கருத்தைத் தாரும். ஆண்டவரே, இவள் தாய்வீட்டுக்குப் போன் பண்ணி நேரத்தைப் போக்குறா, இவளை மன்னியும். ஆண்டவரே, இவள் எங்க அம்மாவை எதிர்த்துப் பேசினா, இந்த நாவை அடக்கும். சண்டைன்னா நானும் பேசுவேன். ஜெபத்துக்கு இடையில என்ன பேச? கடைசில எல்லாரும் ஆமென் சொல்லுவாங்க. என்னப் பத்தின குத்தத்துக்கு நானும் ஆமென் சொல்லணும். ஒருநாள் வாய் வரல. சும்மா இருந்தேன். அவரு முதல்ல இருந்து திரும்பத் தொடங்கினாரு. நான் சொல்லுறது வரைக்கும் ஒருத்தரும் எழும்பல. அவரு கெட்டவரு இல்ல. சின்னதுல அவங்க அப்பா அவரப் பத்தியும் இப்படித்தான் ஜெபம் பண்ணுவாராம். ஆனா இப்பம் யாராவது கண்ண மூடினாலே எனக்க குத்தத்தத்தான் எண்ணப் போறாங்கன்னு தோணுது."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அன்னைக்கு நீயும் ஆமென் சொன்னியா?"

நான் இத்தனை நாளும் கோபப்பட்டுத் திரிந்ததெல்லாம் வீட்டு விஷயம் வெளியே போனதற்காக. என் பிள்ளைக்கு வலித்த இடம் வேறு. அதற்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"சொன்னேன் மக்களே" என்றேன். வேறு என்ன சொல்ல?

பிரிஜாதான் முதலில் முட்டுகுத்தினாள். கண்ணை மூடப் போனவள் ஜினியைப் பார்த்துவிட்டுத் திறந்தே வைத்துக்கொண்டாள். "பரலோகத்தில் வாசமாயிருக்கிற பரிசுத்த..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். வேதாகமத் தமிழ் வரவில்லை. அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு மதிலுக்கு மேலே என்னோடு பேசுகிற பேச்சிலேயே சொன்னாள்:

"ஆண்டவரே, போன வெள்ளி நாங்க தெரியாமக் கேட்டுட்டோம். அத நீரு கேக்காண்டாம். அந்தப் பிள்ளைக்க இருதயம் கடினம் ஒண்ணும் இல்ல. நாங்க அவட்ட ஒரு வார்த்தை கேக்காம உம்மகிட்ட வந்துட்டோம். அவ இங்க இருக்கட்டு."

ஆமென் சொல்ல வேண்டிய இடம் வந்தது. ஜினி என்ன சொல்வாள் என்று பெண்களின் கண்கள் அவள் பக்கம் திரும்புவதைக் கண்டேன். இன்னொரு தடவை அவள் வாய்க்காக ஒரு கூட்டம் முழங்காலில் காத்திருக்கக் கூடாது. அவசரமாக, சத்தமாக, நானே ஆமென் என்றேன். வெளியே படியில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவும் ஆமென் என்றார்.

"சாயா ஆறிப் போச்சு. சூடாக்கிட்டு வாறேன்" என்று ஜினி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அஜின் வெள்ளைச் சட்டையும் பெரிய வேதாகமமுமாக வந்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா. மூப்பர்கள் இரண்டு பேர். கூப்பிடாமலே பிரிஜா வந்து வாசலில் நின்றாள், கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

"முதல்ல ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுத் தொடங்குவோம் மாமி" என்று அஜின் கண்ணை மூடினான். மூப்பர்கள் தலை குனிந்தார்கள். என் தலையும் பாதி குனிந்துவிட்டது. சுவரோரம் நின்ற ஜினி கண்ணை மூடாமல் என்னையே பார்த்தாள்.

"மக்களே, கண்ணைத் தொற" என்றேன்.

அவன் திறந்தான். யாரும் அவனிடம் இதுவரை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஜெபத்தத் தடுக்கப்பிடாது" என்றார் ஒரு மூப்பர்.

"தடுக்கல ஐயா. பிறவு எல்லாருமாப் பண்ணுவோம். இப்பம் பேசுவோம். மக்களே, நீ கர்த்தர்ட்ட இவளப் பத்திச் சொன்னதெல்லாம் இவ முகத்தப் பாத்துச் சொல்லு. இவ பதில் சொல்லட்டு. வாறதும் வராததும் பிறவு இவ இஷ்டம்."

அஜின் அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வேதாகமத்தைத் திறந்து பக்கத்தைப் புரட்டத் தொடங்கினான். கண் திறந்திருக்கும்போது பேச அந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஜினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"மீன்குழம்புல இருந்து தொடங்குவோம்" என்றாள்.