ஆள் மாற்றக் கூடாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதைச் சிரிப்புக் கதையாகத்தான் தொடங்கினேன். அரசியல் அறிவியல் முதுகலை படிக்கும் ரோஷினி, ஆய்வு முறைகள் பாடத்துக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு விருதுநகரிலிருந்து நாரணாபுரம் போகிறாள். ஊர்ப் பெண்கள் அவளையே துருவித் துருவிக் கேட்டு, அவள் கல்யாணம் வரைக்கும் பேசி முடித்து, கடைசியில்—

அந்த வரைவு அங்கேயே நின்றுபோனது. ரோஷினி செய்த ஒரு சின்னக் காரியம்தான் காரணம். கேட்டால் நீங்களும் 'சரியாகத்தானே செய்தாள்' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2

வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்த இருபது பெயர்கள். (வசதிக்காக ஆளை மாற்றினால் ஆய்வே பாழ் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ரோஷினி முதல் பெஞ்ச்.) பதினான்காவது பெயர் குருவம்மாள், பட்டாசு ஆலைத் தொழிலாளி. திங்கட்கிழமை சாயங்காலம் ரோஷினி வாசலில் போய் நின்றதும் அவள் கையைப் பிசைந்தாள்.

"சீசன் நேரம் பாப்பா. ஒரு நா லீவு போட்டாலும் வேற ஆள எடுத்துருவாக. ஞாயித்துக்கெழம வாங்களேன்."

"புதன்கிழமை ரிப்போர்ட் கொடுக்கணும்க்கா."

பக்கத்து வீட்டிலிருந்து கொழுந்தன் மனைவி அய்யம்மாள் எட்டிப் பார்த்தாள். "நான் சும்மாதான இருக்கேன். எங்கிட்டக் கேளுங்க. அக்காவுக்குத் தெரிஞ்ச அம்புட்டும் எனக்கும் தெரியும்."

"இல்லக்கா, பட்டியல்ல இவங்க பேருதான் இருக்கு. ஆள மாத்தக் கூடாது."

"அப்பச் சரி. நாளைக்கு நான் அக்கா பேருல வேலைக்குப் போயிருதேன். நீங்க பேசுங்க."

அய்யம்மாளின் இந்த வாக்கியத்தை மூன்று தடவை கோடு போட்டு அடித்தேன். நான் அடிக்க அடிக்க அவள் அதையேதான் சொன்னாள்.

3

செவ்வாய், காலை பதினொன்று பத்து. கேள்வி ஒன்பது: வேலையிடத்தில் பாதுகாப்பு எப்படி? நன்று, சுமார், மோசம்.

"சுமார்னு போட்டுக்கோங்க" என்றாள் குருவம்மாள்.

ரோஷினி டிக் போடும்போது ஜன்னல் கதவு அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

(இந்த இடத்தில் எழுந்து போய்விட்டேன். திரும்பி வர இரண்டு நாள் ஆனது.)

குருவம்மாள் அய்யம்மாளுக்குப் போன் போட்டாள். ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அது பக்கத்து வீட்டில் அடித்தது. இருவரும் ஓடினார்கள். ஆலை வாசலில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. ஓர் அதிகாரி வருகைப் பதிவேட்டைப் பார்த்து, இறந்த நான்கு பேரின் பெயர்களை வாசித்தார். மூன்றாவது பெயர் குருவம்மாள். அந்தக் குருவம்மாள் ரோஷினியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ரோஷினி கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேற்று அய்யம்மாளையே பேட்டி எடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள், இவள் போயிருப்பாள். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஓர் ஆள் குறைந்தது.

4

கதைக்கு முதல் முடிவு: அய்யம்மாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். எழுதினேன். கூசியது, கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: ரோஷினி அதிகாரியிடம் கேள்வித்தாளைக் காட்டி, செத்தது யாரென்று சொல்கிறாள். ஆனால் 'உங்கள் பெயரை யாரிடமும் சொல்லமாட்டோம்' என்று அதன் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தானே, அதனால்—

எழுத முடியாமல் கிடப்பது இது: சாத்தூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்த ஊர்க்காவலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறான். அய்யம்மாளின் கணவன் பெயர் அது. அண்ணன் மனைவி போய்விட்டாள் என்று கேள்விப்பட்டு வழியெல்லாம் அழுதவன், குருவம்மாளைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"மதினி! இருக்கீகளா! பாவிக பேர மாத்தி வாசிச்சிட்டாக. எனக்கு உசுரே இல்ல. ஒங்கள நெனச்சு அய்யம்மா துடிச்சுக்கிட்டு இருப்பா. எங்கன அவ? வீட்லயா?"

குருவம்மாள் தன் கையை உருவிக்கொள்கிறாள். ரோஷினி கேள்வித்தாளைப் பிடித்தபடி நிற்கிறாள். எனக்கு இதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் நாம் நான்கு பேர்: அவர்கள் இருவரும், நானும், நீங்களும். மூன்று பேர் வாயடைத்து நிற்கிறோம். ஊர்க்காவலன் அதே சிரித்த முகத்தோடு உங்கள் பக்கம் திரும்புகிறான்.