எத்தனை தடவை இறங்கிச்சு?

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜன்னலில் கிடைத்தது. உயரமான ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதும் அலுவலகக் கடிதங்களில் பிழை திருத்துவது என் பிழைப்பு. ஒரு முற்பகலில், கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு வெளியே கயிறுகளில் தொங்கும் இரும்புத் தொட்டில் ஒன்று இறங்கி வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர், கட்டடத்தின் வெளிக்கண்ணாடி துடைப்பவர்கள். ஒருவர் மேல்மூலையை எட்டுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது. வாய் திறந்தது, சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. மறு கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு தொட்டிலின் தரையில் உட்கார்ந்தார்.

கூட வந்தவர் பதறவில்லை. கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரே மண்டியிட்டு, அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இழுக்கத் தொடங்கினார். தினமும் செய்கிற வேலையைப்போல. அந்த நிதானம்தான் என்னைக் கவனிக்க வைத்தது.

கூட்டத்தை நடத்தியவர் எழுந்து போய் ஜன்னல் திரையை இறக்கினார். வெளிச்சத்தில் வரைபடம் சரியாகத் தெரியவில்லையாம்.

நான் வெளியே வந்து காவலாளிக்குப் போன் செய்தேன். கீழே போனபோது தொட்டிலைத் தரைக்கு இறக்கியிருந்தார்கள். ஆட்டோவில் ஏற்ற ஒரு கை தேவைப்பட்டது. அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது.

(திரைக்குப் பின்னால் நடந்ததும் அதற்கு முன் நடந்ததும் மூன்று பேர் சொல்லித் தெரிந்தவை: கண்ணாடிக்காரர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன். தொட்டிலில் கூட இருந்தவர் அந்த அண்ணன்தான். மூவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் மனைவி சொன்னதை எடுத்துக்கொண்டேன். அவர் ஒருவர்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசவில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "தோள் என்பது மனிதன் தன் வாழ்வைச் சுமக்கின்ற" — இதோடு நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: தோளே பேசுவதுபோல. "நான் ஒரு மூட்டு." அரைப் பக்கம் போனது. ஒரு மூட்டுக்கு இவ்வளவு வாய் ஆகாது.

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன்.

முதல் தடவை, கண்ணாடிக்காரர் ஈரமான படிக்கட்டில் சறுக்கி, கைப்பிடியை எட்டிப் பிடித்தபோது தோள்மூட்டு இடம் விட்டு இறங்கியது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, உள்ளே தள்ளினார்கள். சில வாரங்கள் கைக்கட்டு, பிறகு சதையைப் பலப்படுத்தும் பயிற்சிகள் என்று சொல்லி நீளமான ஒரு ரப்பர் பட்டையும் கொடுத்தார்கள். கண்ணாடிக்காரருக்கு அப்போது ஒரு பெரிய கட்டடம் கையில் இருந்தது. வலி போனதும் கைக்கட்டையும் கழற்றிப் போட்டார். ரப்பர் பட்டை நன்றாக உழைத்தது. பைக்கின் பின்னால் வாளியைக் கட்டிக்கொண்டு போக.

இரண்டாவது தடவை பஸ்ஸில், மேலே வைத்த பையை எடுக்கும்போது. அப்போதும் ஆஸ்பத்திரிதான். அதற்குப் பிறகு தோள் காரணம் கேட்கவில்லை. சட்டை மாட்டினால் இறங்கியது. கையைத் தலைக்கு வைத்து மதியம் கண்ணயர்ந்தால் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன அந்த இரண்டு தடவைக்கு மேல் எதுவும் மனைவிக்குத் தெரியாது.

எப்படித் தெரியாமல் போகும்? இங்கே நானும் நம்பாமல் பேனாவைக் கீழே வைத்தேன். மனைவிதான் விளக்கினார். அண்ணன் வீடு கீழ்த்தளத்தில். வீட்டில் கணவர் திடீரென்று முகம் வெளுத்து, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "மச்சானோட போய் பெட்ரோல் போட்டுட்டு வந்துடுறேன்" என்று இறங்கிப் போவாராம். கால் மணி நேரத்தில் வியர்த்துப்போய்த் திரும்புவார். வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் தோள்மூட்டை உள்ளே தள்ளியிருப்பார். மனைவிக்குச் சந்தேகம் வந்தது உண்மைதான். இரண்டு பேரும் ஒளிந்து சிகரெட் பிடிக்கிறார்கள் என்று நினைத்துச் சட்டைகளை முகர்ந்து பார்த்தார்.

3

இந்த அண்ணனை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன். தொட்டில் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், மாப்பிள்ளை நின்றால் தானும் நிற்க வேண்டும், அதனால் மறைத்தார். காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. அவர் தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

"எங்க அண்ணன் முட்டாள்தான். கெட்டவன் இல்ல," என்றார். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தாராம். டாக்டரின் கைகள் போன வழியை மனசில் பிடித்துக்கொண்டார். அடுத்த தடவை மாப்பிள்ளை வலியில் துடித்தபோது செய்து பார்த்தார், 'டொக்'கென்று மூட்டு உள்ளே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தனக்கே உயிர் வந்ததுபோல இருந்தது என்றார். அப்புறம் மாப்பிள்ளை கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.*

* எலும்பு மருத்துவர் பிறகு அவரைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னது: எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால், விரிசல் விட்ட எலும்பு உடைந்துபோகலாம், நரம்போ ரத்தக்குழாயோ நசுங்கலாம். வாசகரும் கேட்டுக்கொள்ளவும். இந்தக் கதையில் செய்முறை விளக்கம் எதுவும் கிடையாது.

4

அன்று தொட்டிலில் மூட்டு உள்ளே போகவில்லை. சதை இறுகிவிட்டது. அண்ணன் இழுக்க இழுக்க, மேல்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போனதாகக் கண்ணாடிக்காரர் சொன்னார். அண்ணன் முதல் தடவையாக இழுப்பதை நிறுத்தினார்.

அவசரப் பிரிவில் மூட்டை உள்ளே தள்ளிய பிறகு, மனைவியும் வந்து சேர்ந்திருந்த நேரத்தில், எலும்பு மருத்துவர் வந்தார். நடுவயதுப் பெண், மெல்லிய குரல். பஞ்சால் தோளின் வெளிப்பக்கம் வருடி, தெரிகிறதா என்று கேட்டார். துணிமேல் தொடுவதுபோல இருக்கிறது என்றார் கண்ணாடிக்காரர். பிறகு மருத்துவர் மூவருக்கும் விளக்கினார். இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து, லேசில் வெளியே வராது. தோள் அப்படியில்லை, சின்னத் தட்டின் மேல் எலுமிச்சம்பழம். தட்டைச் சுற்றி ஒரு மெத்தென்ற விளிம்பு. பழம் உருளாமல் இருப்பது அதனாலும் சுற்றியுள்ள சதையாலும்தான். முதல் தடவை விளிம்பு கிழிகிறது. ஒவ்வொரு தடவையும் தட்டின் எலும்பே கொஞ்சம் தேய்கிறது. சிலருக்குப் பயிற்சியே போதும். சிலருக்கு விளிம்பைத் தைத்துவிடலாம். ரொம்பத் தேய்ந்திருந்தால் வேறு ஆபரேஷன்.

"அதனாலதான் கேக்குறேன். இதுவரைக்கும் எத்தனை தடவை இறங்கிச்சு?"

"இதோட மூணு," என்றார் கண்ணாடிக்காரர்.

எண்ணிக்கை கூடினால் உயரத்துக்கு அனுப்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். மருத்துவர் நன்றாக யோசித்துச் சொல்லும்படி கேட்டார். மூணுதான் என்றார் மறுபடியும்.

வாசலில் நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பதினஞ்சு, டாக்டர். பன்னெண்டு நான் போட்டது."

மனைவி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "பெட்ரோலா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் தலையாட்டினார்.

"என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்க மச்சான்."

"நீங்க மண்ணுல விழக் கூடாதுன்னுதான் மாப்பிள்ளை."

(அண்ணன் இதை அப்படியே சொன்னதாகச் சாதிக்கிறார். கண்ணாடிக்காரர், மச்சான் அழுததுதான் ஞாபகம் இருக்கிறது என்கிறார். மனைவி, இரண்டும் நடந்தது என்றார்.)

5

ஸ்கேனில் தட்டின் முன்பக்கம் நன்றாகவே தேய்ந்திருந்தது. பக்கத்து எலும்பிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, தேய்ந்த இடத்தில் திருகாணிகளால் பொருத்தினார்கள். பழம் உருண்டுபோகாமல் ஒரு தடுப்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அடுத்து வந்த மாதங்களை எழுதுவது கஷ்டம். எதுவும் நடக்கவில்லை, தினமும். மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். அண்ணன் வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு தொட்டிலில் ஏறினார். சாயங்காலம் வந்து மாப்பிள்ளையின் பயிற்சிக்கு ரப்பர் பட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மனைவி வழியாகத்தான் எல்லாம். உங்க அண்ணன் ரொம்ப இழுக்கிறாரு, விடச் சொல்லு. உன் வீட்டுக்காரர முழங்கைய இடுப்போட ஒட்டி வைக்கச் சொல்லு. ஒரே பாய், நடுவில் ரப்பர் பட்டை.

ஒரு நாள் மனைவி அடுப்பில் வேலையாக இருந்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் இருவரும் நேராகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தொந்தரவு செய்யாமல் போய்விட்டதாகச் சொன்னார்.

6

முடிவு ஒன்று: கண்ணாடிக்காரர் தொட்டிலில் திரும்பி வருகிறார், என் ஜன்னலைத் துடைக்கிறார், நான் கை அசைக்கிறேன். இது எனக்காக நான் எழுதிக்கொண்டது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: தரையில் நின்று கயிறுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நிம்மதியாக அவர் இரு — இல்லை. நிம்மதியா என்று நான் கேட்டதில்லை.

உண்மையில் நடந்தது இது. ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாதம், கடைசிப் பரிசோதனை. எலும்பு ஒட்டிவிட்டது. மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்பிவிட்டது. பலம் போதும். ஒன்று மட்டும் பாக்கி. மருத்துவர் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, உள்ளங்கை கூரையைப் பார்க்கும்படி மெதுவாகப் பின்னால் சாய்த்தார். முன்பெல்லாம் இறங்கிய அதே நிலை. இந்தப் பரிசோதனையில் மருத்துவர் தோளைப் பார்ப்பதில்லையாம், மறுபடி இறங்கிவிடுமோ என்ற பயம் தெரிகிறதா என்று முகத்தைத்தான் பார்ப்பாராம். மனைவி கால்மாட்டில். அண்ணன் இந்தத் தடவை உள்ளேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?"

உயரத்துக்குப் போகலாமா என்பது இந்தப் பதிலில் இருந்தது.

அவர் பதில் சொன்னார். மூவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னபோது அந்த ஒரு சொல்லில் மட்டும் மாற்றமே இல்லை. அது உண்மையா என்பதில்தான் மூவரும் மூன்று விதம். ஆகவே அதை நான் எழுதப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன்.

"……………"

நிரப்புவதற்கு முன், முடிந்தால், மல்லாக்கப் படுத்து உங்கள் கையை அப்படித் தூக்கிப் பாருங்கள். நல்ல தோளாக இருந்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் உங்கள் மனைவியோ கணவனோ மச்சானோ நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அவசரப்படவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.