நாற்பத்துமூன்று கூட்டங்களுக்கு வந்தவர்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. தண்ணீர்ப் பங்கீடு பற்றிக் கட்டுரை எழுதலாம் என்று ஒரு வாய்க்கால் பாசனச் சங்கத்தின் கொட்டகைக்குப் போயிருந்தேன். தகரக் கூரை, ஏழு பிளாஸ்டிக் நாற்காலி, ஆணியில் தொங்கும் இரும்புக் கைப்பிடி. மதகுப் பலகையை ஏற்றி இறக்குவது அந்தக் கைப்பிடிதான். மேசையில் சணல் கயிறு கட்டிய பதிவேடு கிடந்தது. சும்மா புரட்டினேன். ஒருவர் மட்டும் தொடர்ந்து நாற்பத்துமூன்று மாதக் கூட்டங்களுக்கு வந்து கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு மாதம்கூட விடவில்லை.

"இவரைப் பார்த்துப் பேசணுமே" என்றேன்.

மதகைத் திறந்து மூடுகிற மடைக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அவர் செத்து நாலு வருஷம் ஆகப்போகுது சார்."

கட்டுரை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இது பிழைத்துக்கொண்டது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலத்தில் அவள் நின்றாள். தொலைவில் ஒரு ஒற்றை மர—"

[அடித்துவிட்டேன். நிலம் வெடிக்கவில்லை. வாய்க்கால் தளும்பத் தளும்பப் போய்க்கொண்டிருந்தது. பெண், நிலம், தண்ணீர் என்று எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே வெடிப்பைத் தேடிக்கொண்டு போகிறது.]

அப்புறம் இப்படி:

"வயலில் இல்லாத நீர் அவள் கண்ணில்—"

[மன்னிக்கவும்.]

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வாய்க்கால் போய் முடிகிற கடைசி வயல் அவளுடையது. எல்லோரும் அவளைக் கடைமடையக்கா என்பார்கள். உழுவது, நடுவது, களையெடுப்பது எல்லாம் அவள். தண்ணீர் முறைப் பட்டியலில் இருப்பது மட்டும் அவள் கணவன் பெயர். மூன்று கூட்டம் வராவிட்டால் முறை கடைசிக்குத் தள்ளப்படும் என்பது சங்கத்தின் விதி. பட்டியலில் பெயர் இல்லாதவர் கையெழுத்துப் போட முடியாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் அவள் மீறவில்லை. மாதா மாதம் வந்து, மூலையில் உட்கார்ந்து, அவன் பெயரை எழுதிவிட்டுப் போனாள்.

உயிரோடு இருந்தபோது அவன் மூன்றே கூட்டத்துக்குத்தான் வந்தான். அதில் இரண்டில் நாற்காலி உடைந்தது.

3.

பட்டாவை அவள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"மாத்த மனு போட்டா, முடியற வரைக்கும் தண்ணி முறையை நிறுத்தி வைப்பாங்க தம்பி. முடியணும்னா கொழுந்தன் கையெழுத்து வேணும். வேற எது கேட்டாலும் போடுவான். இதுக்கு மட்டும் கை வலிக்கும்."

முதல் வரைவில் கொழுந்தனுக்கு முறுக்கிய மீசை வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது அவள் நடுவிலேயே நிறுத்தினாள்.

"மீசையை எடு. அவன் கெட்டவன் இல்ல. என் பொண்ணுக்குக் காய்ச்சல்னா முதல்ல ஓடி வர்றவன் அவன்தான். வயல்னு வந்தாதான் வேற ஆளு ஆயிடுவான்."

மீசையை எடுத்துவிட்டேன். கதைக்கு நஷ்டம்தான்.*

* பட்டியலில் உள்ள முப்பத்தெட்டுப் பேரில் பதினாறு பேர் உயிரோடு இல்லை. அதில் ஏழு பேரின் வயலை மகன்கள் பார்க்கிறார்கள். "அப்பா பேர்ல இருந்தா என்ன, நான்தானே" என்பார்கள். கைப்பிடி கைக்கு வந்துவிடும். மீதி ஒன்பது வயலைப் பார்ப்பவர்கள் பெண்கள். அவர்களிடம் மட்டும் "ஆம்பளை யாராவது இருந்தா வரச் சொல்லு" என்பார்கள். இதை வைத்து அவள் வாயில் ஒரு நல்ல பேச்சைக் கொடுத்திருந்தேன், முக்கால் பக்கம். படித்துவிட்டு, "இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தா களை யார் எடுக்கறது?" என்றாள். அடிக்குறிப்புக்கு இறக்கிவிட்டேன்.

4.

சிக்கல், ஊருக்குப் புதிதாக வந்த பாசன அதிகாரியால் வந்தது. நல்ல மனிதர். பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்த முதல் அதிகாரி அவர்தான். கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"நாற்பத்துமூணு கூட்டம். ஒரு புகார் கிடையாது. இவர் பங்கு வாய்க்கால்தான் தூர்வாரி சுத்தமா இருக்கு. கடைமடைக்குக் குழு உறுப்பினரா இவரையே போடறேன். எங்கே, கொஞ்சம் எழுந்திருங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"கூச்ச சுபாவம் சார்" என்றார் சங்கத் தலைவர். அவர் வயலும் பதினொரு வருடம் முன்பு போய்ச் சேர்ந்த அப்பா பெயரில்தான் இருந்தது. ஒரு பிணத்தைக் கிளப்பினால் பதினாறும் எழுந்து உட்காரும் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாக் கூட்டத்துக்கும் வந்திருக்காரே?"

"வருவார் சார். பேச மாட்டார்."

"அப்படிப்பட்டவங்கதான் வேணும்" என்றார் அதிகாரி. "புதன்கிழமை காலையில நான் வரேன். நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு, கைப்பிடியை வாங்கிக்கச் சொல்லுங்க. உறுப்பினர் கையெழுத்து இல்லாம கடைமடை மதகைத் திறக்கக் கூடாது."

அவளுடைய முறை வியாழக்கிழமை. நெல் பால் பிடிக்கிற சமயம். இந்தத் தண்ணீர் தவறினால் அறுக்க வைக்கோல்தான் மிஞ்சும்.

5.

அன்று மாலை கொழுந்தன் வரப்பில் வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் பதவிக்கு வந்துட்டாரே. எங்கே போய் வாழ்த்துச் சொல்றது?"

"நேர்லயே போய்ச் சொல்லு. வழி தெரியலைன்னா நான் அனுப்பி வைக்கிறேன்."

அவன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் அண்ணனா வந்து கையெழுத்துப் போடறேன். முகச்சாடை ஒண்ணுதான். அதிகாரிக்கு என்ன தெரியும்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வயலையும் நானே பார்த்துக்கறேன். நீங்க ஏன் கஷ்டப்படணும்?"

அவள் மண்வெட்டியைச் சேற்றிலிருந்து உருவினாள். "செத்தவரை வெச்சுக்கிட்டே சமாளிச்சுட்டேன்பா. உயிரோட இன்னொருத்தர் வேண்டாம்" என்றாள்.

[இந்த வசனத்தை நான் எழுதியது என்று நினைக்கிறீர்கள். என்னால் முடியாது.]

6.

புதன்கிழமை கொழுந்தன் தேய்த்த சட்டையோடு வந்துவிட்டான். கேட்காமலேயே உதவுவது அவன் குணம் என்று முன்பே தெரிந்ததுதானே. அதிகாரி நுழைந்ததும், அவள் வாய் திறக்கும் முன்னே, நாற்காலியில் போய் உட்கார்ந்தான். தலைவர் வெளியே வாய்க்காலைப் பார்த்தார். மடைக்காரர் வழக்கம்போலக் கூரையை.

அதிகாரி பதிவேட்டைப் பிரித்தார். "போடுங்க."

கொழுந்தன் போட்டான். அதிகாரி குனிந்து பார்த்தார். பழைய பக்கத்தைப் புரட்டினார். மறுபடி பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து இல்லையே."

"அவசரத்துல கொஞ்சம்..."

"நாற்பத்துமூணு தடவை ஒரே மாதிரி போட்டவர், இன்னைக்கு மட்டும் ஏன் மாத்திப் போடறீங்க?" அந்த வரியை அடித்தார். பேனாவை நீட்டியபடி சுற்றிலும் பார்த்தார். "இந்தக் கையெழுத்தை யார் போட்டாங்களோ அவங்க வரணும்."

கொழுந்தன் எழுந்துகொண்டான். நாற்காலி காலியானது. மூலையிலிருந்து அவள் நடந்து வந்தாள். உட்காரவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டாள்.

7.

இங்கே நான் நிறுத்தியாக வேண்டும். அவள் கையில் இரண்டு பெயர் இருக்கிறது.

அவன் பெயரை எழுதினால் கையெழுத்து அச்சு அசலாகப் பொருந்தும். கைப்பிடி கிடைக்கும். செத்தவன் இன்னும் ஐந்து வருடம் குழுவில் இருப்பான், ஒரு கூட்டம் விடாமல்.

தன் பெயரை எழுதினால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். அவர் நல்லவர், விதிகளை முழுதாகப் படித்தவர். நல்லவர் ஜெயிப்பாரா, விதி ஜெயிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

[மூன்றாவதாக ஒன்று எழுதிப் பார்த்தேன். மற்ற எட்டுப் பெண்களும் கொட்டகைக்குள் வரிசையாக வந்து நிற்பதாக. மடைக்காரர் படித்துவிட்டு, "நாற்காலி ஏழுதான் சார் இருக்கு" என்றார்.]

என்ன எழுதினாய் என்று அவளையே கேட்டேன். "வியாழக்கிழமை வந்து வயலைப் பாரு" என்றாள்.

போனேன். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. யார் பெயரில் வந்தது என்று தண்ணீரில் எழுதியிருக்கவில்லை. கைப்பிடி அவள் தோளில் சாய்ந்திருந்தது. பதிவேட்டை அதிகாரி அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விட்டாராம்.

"முடிவு இல்லாம எப்படிக்கா எழுதறது?" என்றேன்.

"உனக்குத் தோணறதை எழுதிக்கோ. படிக்கறவங்க வேணும்னாலும் எழுதிக்கட்டும்." மதகுப் பக்கம் திரும்பி நடந்தவள் நின்றாள். "தண்ணியை மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்க."

ஆகவே வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். பேனா உங்களிடம். நிபந்தனை ஒன்றே ஒன்று, அவள் சொன்னது.

கடைமடை உறுப்பினர் கையெழுத்து: ............................