எங்கள் வீட்டு இரண்டு ஓட்டு

என் கணவர் ஜெயவேலுவுக்குக் கருத்து இல்லாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்கிறவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. டீயைக் காகிதக் கப்பில் கொடுத்தால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார். செவ்வாய் கிரகத்தில் வீடு கட்டப் போகிறார்கள் என்று டிவியில் சொன்னால், "அங்கயும் மொதல்ல ரியல் எஸ்டேட்காரன்தான் போவான். பஸ் ஸ்டாண்டுலேந்து அஞ்சே நிமிஷம்னு போர்டு வெப்பான் பாரு" என்பார். பெருங்களத்தூரில் எங்கள் வீட்டைச் சுற்றி அடுக்குமாடிகள் முளைத்ததை எல்லாம் கண்ணால் பார்த்தவர். அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

எங்கள் குடித்தனம் நடந்த விதமே அதுதான். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எதிர்த்துப் பேசிக்கொள்வோம். ராக்கெட் விடும் நாளில் அவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் வேண்டுமென்றே, "குழாயில தண்ணி வரல, நிலாவுக்கு ராக்கெட் ஒரு கேடா" என்பேன். அவருக்குச் சுருக்கென்று ஏறும்.

"ராக்கெட்டுக்கும் தண்ணிக்கும் இன்னா சம்பந்தம்? தண்ணி ஏன் வரலன்னா, ஏரிய பிளாட் போட்டு வித்தாங்களே உங்க கட்சி ஆளுங்க, அவங்கள போய்க் கேளு."

"உங்க கட்சி ஆளுங்க விக்கலியா?"

"வித்தாங்க. ஆனா கம்மியா வித்தாங்க."

ராக்கெட் மேலே போய்ப் புள்ளியாகிற வரைக்கும் இந்தச் சண்டை ஓடும். போனதும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் கருவிகளைப் பற்றி அவருக்குத் தனிக் கோபம் உண்டு. வங்கிக்கோ கேஸ் கம்பெனிக்கோ போன் செய்து, தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்று குரல் வந்தால் அழுத்தவே மாட்டார். யாராவது மனிதர் பேசுகிற வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பட்டன அமுக்குனா பட்டன்தான் அமுங்கும். ஆளு வந்தாத்தான் பதில் வரும்" என்பது அவர் கட்சி. அரைமணி நேரம் கழித்து லைன் தானாகவே கட்டாகும். அப்போதும் தோற்றுப்போனதாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

அரசியலில் நாங்கள் கல்யாணத்தின் முதல் நாளிலிருந்தே எதிரெதிர். என் அப்பா பல்லாவரத்தில் ஒரு கட்சிக்குக் கொடி கட்டியவர். என் கணவர் வீட்டிலோ அதற்கு நேர் எதிர்க் கட்சி. எந்தச் சின்னம், எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். காரணம் பிறகு தெரியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். ஆளுக்கு ஒரு பட்டனை அழுத்திவிட்டு, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் பன்னீர் சோடா குடிப்போம். பாட்டிலைக் கையில் வாங்கியதும் அவர் சொல்வது ஒன்றேதான்.

"உன் ஓட்டு ஒண்ணு, என் ஓட்டு ஒண்ணு. கழிச்சா சைபரு. வெயில்ல வந்ததுதான் மிச்சம்."

"அப்போ அடுத்த தடவை நீங்க வீட்டுல இருங்க. நான் மட்டும் வந்துட்டுப் போறேன்."

"ஆசைய பாரு."

ஒரு தேர்தலின்போது அவருக்கு நல்ல காய்ச்சல். படுத்திருங்கள், நான் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று செருப்பை மாட்டினேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உன் ஓட்டு தனியா நிக்கக் கூடாது சுபா" என்றார், பல் கிட்டிக்க. பாசத்தில் சொல்கிற மாதிரி இருக்கும். எதிர்க்க ஆள் இல்லாமல் என் ஓட்டு ஜெயித்துவிடக் கூடாது என்பதுதான் அர்த்தம். நான் அதைப் பாசமாகவே எடுத்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் ஒரு மழை நாள். தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருந்தோம். வைத்தால் ருசி செத்துப்போகும் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பதில் இல்லை, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தார்.

பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு ஒரே ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வந்தது. எது வந்தது என்று கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. ஆயுசுக்கும் யாருக்கும் எதற்கும் சரி என்று சொல்லாத மனிதருக்கு, மிஞ்சிய ஒரே சொல் 'சரி'.

பேச்சுப் பயிற்சிக்கு ஜீவிதா என்று ஒரு பெண் வருகிறாள். இப்படி ஒரே வார்த்தை மாட்டிக்கொள்வது சகஜம்தான் என்று சொன்னாள். "அங்கிள் மனசுல வேற நெனச்சாலும் வாயில அதுதான் வரும் ஆன்ட்டி. நீங்க பேசிக்கிட்டே இருங்க. அவருக்குப் புடிச்ச விஷயமாப் பேசுங்க" என்றாள். தண்ணீர், பசி, பாத்ரூம் என்று படம் போட்ட ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். தொட்டால் ஒரு பெண் குரல் பேசும். அவர் மறுப்பே சொல்லாமல் தொட்டார். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று யாரோ ஒருத்தி என் வீட்டுக் கூடத்தில் பேசினாள். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிடித்த விஷயம் பேசச் சொன்னாள் அல்லவா, நான் பிடிக்காததைப் பேசினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

"இந்த ராக்கெட்டெல்லாம் தண்டம்ங்க. இழுத்து மூடிடணும்."

"சரி."

"உங்க தலைவரு ஒரு ஏமாத்துக்காரரு."

"சரி."

"தக்காளிய ஃப்ரிட்ஜிலதான் வெக்கணும்."

"சரி."

ஒருநாள் காலையில் இட்லிக்குச் சட்னி அரைக்காமல் தட்டில் சர்க்கரையை வைத்தேன். தட்டைத் தள்ளுவார், முறைப்பார், இடது கையால் ஓர் அறை விட்டாலும் சந்தோஷம் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்தது.

ஆள் உள்ளே இருக்கிறாரா, இல்லையா? ஐந்து மாதமாக எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றுதான். சரி என்று சொல்கிறவர் என் கணவர் இல்லை. இல்லை என்று சொல்கிறவர் உள்ளே எங்காவது உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் தெரிந்தால் போதும், மிச்ச காலத்தை ஓட்டிவிடுவேன்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. பூத் சிலிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கையில் வாங்கியதும் எனக்குப் பொறி தட்டியது. ஓட்டுப் போட வாய் வேண்டாம். விரல் போதும்.

எங்கள் மகள் ஜெயஸ்ரீ பொத்தேரியில் இருக்கிறாள். கேட்டதும் கத்த ஆரம்பித்துவிட்டாள். "இந்த வெயில்ல அப்பாவ வீல்சேர்ல வெச்சுத் தள்ளிட்டுப் போகணுமாம்மா? அவருக்கு எது எந்தச் சின்னம்னு தெரியுமோ என்னவோ. கடைசில நீ கையப் புடிச்சு அமுக்குவ. அது உன் ஓட்டுதான்."

"அவர் ஓட்ட அவர்தான் போடுவாரு. நான் கை வெக்க மாட்டேன்."

"போட்டு இப்ப என்னாகப் போகுது?"

அவளுக்கு எப்படிச் சொல்வது. அந்தப் பட்டன் அமுங்கினால் அவர் எனக்குப் பதில் சொன்ன மாதிரி.

தேர்தல் அன்று காலையில் அவருக்குச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். ஜெயஸ்ரீ முணுமுணுத்துக்கொண்டே வந்து வீல்சேரைத் தள்ளினாள். பள்ளிக்கூடத்தில் சரிவுப் பலகை போட்டிருந்தார்கள். வரிசையில் நிற்கவிடாமல் நேராக உள்ளே அனுப்பினார்கள்.

உள்ளே இருந்த அதிகாரி அம்மாள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சாருக்குப் புரியுமாம்மா?"

"எல்லாம் புரியும். சொல்லத்தான் வராது."

துணைக்கு வருகிறவர் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை வெளியில் சொல்ல மாட்டேன் என்று போட்டேன். சின்னத்தின் பேரைச் சொல்லாதவரைக்கும் அந்தக் கையெழுத்துக்குப் பங்கம் இல்லை என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய இடது விரலில் மை வைத்தார்கள். துணைக்கு வந்ததற்காக என் வலது விரலிலும் வைத்தார்கள்.

அட்டை மறைப்புக்குள் வீல்சேரைத் தள்ளினேன். மிஷின் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. அவர் சின்னம் மேலே, என் சின்னம் கொஞ்சம் கீழே. நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "போடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இடது கை எழுந்தது. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து, அவர் சின்னத்துக்கு எதிரில் நின்றது. இருக்கிறார். என் கணவர் உள்ளே இருக்கிறார். ஐந்து மாதமாகத் தேடிய ஆள் அந்த விரல் நுனியில் இருந்தார்.

அவர் அழுத்தவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சவரம் செய்துவிட்ட என் கையை, காலையில் அவசரத்தில் கோணலாகக் கட்டிய என் புடவையை, என் முகத்தை, எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு விரல் கீழே இறங்கியது. என் அப்பாவின் சின்னத்துக்கு எதிரில் இருந்த பட்டனை அழுத்தினார்.

நீளமாகச் சத்தம் வந்தது. சத்தத்தை நம்பாதே, கண்ணாடிக்குள் விழுகிற சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது அவருடைய கருத்துகளில் ஒன்று. ஒவ்வொரு தேர்தலிலும் எனக்கு அதைப் பாடம் எடுப்பார். இப்போதும் மை வைத்த விரலால் அந்தக் கண்ணாடியைக் காட்டினார். பார்த்தேன். என் சின்னம் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அறுந்து உள்ளே விழுந்தது.

மறந்துபோய், தடுமாறி, தப்பாக அழுத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தெரிந்தே செய்தார். சாப்பாடு ஊட்டுகிறவளுக்கு, குளிப்பாட்டுகிறவளுக்குக் கொடுக்கத் தன்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்று, இருந்த ஒன்றையும் விட்டுக்கொடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் கேட்டார்கள் இதை?

ஜெயஸ்ரீ அவரை வெளியே கூட்டிப்போனாள். அடுத்தது என் ஓட்டு. என் இடது விரலிலும் மை வைத்தார்கள். மறுபடி அந்த மறைப்புக்குள் போய் நின்றேன். அப்பா சின்னம் என்னைப் பார்த்தது. ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து வேறு எதையும் அழுத்தாத விரல். என் வீட்டுக்காரர் ஓட்டு தனியாக நிற்கக் கூடாது. மேலே போய் அவர் சின்னத்தை அழுத்தினேன். சீட்டு விழுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

தள்ளுவண்டி அதே இடத்தில் இருந்தது. ஜெயஸ்ரீ ஆட்டோ பார்க்கப் போனாள். பன்னீர் சோடா ஒன்று வாங்கி, ஸ்ட்ரா போட்டு அவர் வாயில் வைத்துவிட்டு, வீல்சேருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கை விரலிலும் இருந்த மையைக் காட்டினேன்.

"நீங்க எனக்குப் போட்டீங்க. நான் உங்களுக்குப் போட்டுட்டேன். கழிச்சா சைபரு. வெயில்ல வந்ததுதான் மிச்சம்."

அவர் ஸ்ட்ராவை விட்டுவிட்டார். கண்ணிலிருந்து வழிந்தது சவரம் செய்த கன்னத்தில் இறங்கியது. துடைக்க இடது கையைத் தூக்கினார், பாதியில் அது என் தோளில் விழுந்தது.

"எனக்கு ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேணாம்ங்க. நான் கேக்கவே இல்ல. எங்க அப்பா கட்சிய என்ன வேணா சொல்லுங்க. ராக்கெட்டப் பத்தி நான் சொன்னதெல்லாம் முட்டாள்தனம்னு சொல்லுங்க. இட்லிக்குச் சர்க்கரை வெச்சதுக்கு ஒரு அறை விடுங்க. ஒரே ஒரு தடவை என்னத் திட்டுங்க."

"சரி" என்றார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன்.